மாகிம் பாலத்தில் நின்று பாம்பனை நினைத்தேன்

இன்று மாலை தாராவிக்குத் திரும்பும் வழியில் மாகிம் கழிமுகப் பாலத்தில் சற்று நேரம் நின்றேன். ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தேங்காய் மட்டை கடல் பக்கமிருந்து மித்தி ஆற்றுக்குள் எதிரேறிப் போனது. சில மணி நேரத்தில் வந்த வழியே திரும்பிவிடும்.

என் ஊர் பாம்பனில் அப்படி இல்லை. மும்பையில் பெரிய ஓதம் 4.5 மீட்டரையும் தாண்டும். பாம்பனில் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் பாலத்தின் கீழே தண்ணீர் ஆறுபோல ஓடும். காரணம் காற்று. வாடை வீசும் மாதங்களில் ஆழமில்லாத பாக் விரிகுடாவில் நீர் குவிந்து மட்டம் உயர்கிறது. அந்த நீர் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள குறுகிய வாயில் வழியாகத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குப் பாய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் அப்படியே வடக்கே திரும்பிவிடும். எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

ரயில் பாலத்தின் தூண்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் நீர் மேடாக ஏறி மோதும், மறுபக்கம் குழிந்து சுழிக்கும். நுரை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடுவார் என் சித்தப்பா.

நேற்று தொலைபேசியில், "தண்ணீர் தெற்கே திரும்பிவிட்டதப்பா" என்றார். குரலில் அப்படியொரு உற்சாகம். டிசம்பரில் மகளை அழைத்துப்போய், சாலைப் பாலத்தில் நிறுத்தி, அந்தச் சுழியைக் காட்டப்போகிறேன்.