தெலுக் இந்தான் முருகனும் தாப்பா ரோடு ஸ்டேஷனும்

மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு ரயில் கிடையாது. 1893-ல் தாப்பா ரோட்டிலிருந்து இந்த ஊருக்கென்றே ஒரு கிளைப்பாதை போட்டார்கள். 1980களின் கடைசியில் அதை மூடிவிட்டார்கள். மிச்சமுள்ள 30 கிலோமீட்டர் சொச்சத்துக்கு முருகன்தான் துணை. அது தெரிந்துதான் சித்ரா பௌர்ணமிக்குக் கிளம்பினோம். ஆனால் அன்றைக்கு எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டு எங்களைச் சோதித்த மாதிரி இருந்தது.

சென்னையிலேயே விமானம் தாமதம். கோலாலம்பூரில் பெட்டி வந்தது, அதன் ஒரு சக்கரம் வரவில்லை. ரயில் நிலையத்துக்குப் போவதற்குள் எங்கள் வண்டி கிளம்பியிருந்தது. அடுத்த வண்டிக்குக் கேட்டால், கவுண்டரில் இருந்த பெண் "ஹபிஸ்" (தீர்ந்துவிட்டது) என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தாள். மாலை வண்டியில்தான் இடம். விரதம் என்று மனைவி பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள். எனக்கு விரதமும் இல்லை, பொறுமையும் இல்லை. தே தாரிக் குடித்துக்கொண்டே முருகனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தாப்பா ரோட்டில் இறங்கினால் நல்ல மழை. செல்போனில் கார் வருவதாகக் காட்டும், அப்புறம் ரத்தாகும். மகளை அழைத்துப் போக வந்திருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போவணும்?"

"ரதம் பார்க்கணும் ஐயா."

"நாங்களும் அங்கதான். ஏறுங்க. பசியாறிட்டீங்களா?"

வழியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். பெரியவர் சின்ன வயதில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். அப்போதெல்லாம் தோட்டத்து லாரியில் நின்றபடியே திருவிழாவுக்கு வருவார்களாம். தோட்டத்துக்கொரு மாரியம்மன் இருந்தாலும், சித்ரா பௌர்ணமி என்றால் டவுனில் இருக்கும் செட்டியார் கோயில்தான். கடல் தாண்டி வட்டிக்கடை வைத்த நகரத்தார், போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணியை வைத்து, வரவில் ஒரு பங்கை மகமையாக எடுத்துக் கோயில் நடத்தினார்கள். கடன் வாங்கியவர்களும் அதே சாமியைத்தான் கும்பிட்டிருப்பார்கள். என்ன வேண்டிக்கொண்டார்களோ!

ஊருக்குள் நுழைந்ததும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரே கார் வரிசை. தூரத்தில் 1885-ல் கட்டிய சாய்ந்த மணிக்கூட்டுக் கோபுரம் விளக்கொளியில் தெரிந்தது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நடை சாத்திவிடுவார்களே என்று நான் புலம்ப ஆரம்பித்தேன்.

பெரியவர் எஞ்சினை அணைத்தார். "இறங்குங்க. ரதம் நின்னுதான் ரோடு அடைச்சிருக்கு."

ஒரு பையன் நுனி கவட்டையான நீளக் கழியால், ரதத்தின் உச்சியில் சிக்காமல் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் "போலாம்" என்று சொன்னால்தான் ரதம் நகரும். கீழே உடைத்த தேங்காய் ஓடுகளும் இளநீரும். கால் வைக்க இடமில்லை. அர்ச்சகர் எங்கள் தட்டை வாங்கி நட்சத்திரம் கேட்டார். மனைவி இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, "ஐயா பேருக்கும்" என்றாள்.

"எனக்கு ஏதம்மா நட்சத்திரம்? தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன், யாரு குறிச்சு வச்சா? சாமியோடதையே சொல்லிடுங்க."

"விசாகம்" என்று அர்ச்சகர் அவராகவே போட்டுக்கொண்டார்.

கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. மூலவரைக் காலையில்தான் பார்த்தோம். தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மோரோடு அவள் விரதம் முடிந்தது. திரும்புவதற்கு பஸ் டிக்கெட்டைப் பெரியவரின் மகளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.