கைகள் இல்லாத அம்மா

இன்று ஆர்மீனிய-அமெரிக்க ஓவியர் ஆர்ஷைல் கார்க்கியின் ‘ஓவியரும் அவரது தாயும்’ ஓவியத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கியபோது முதலில் கண்ணில் பட்டவை தாயின் கைகள்.

கைகள் என்று சொல்ல முடியாது. மடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள், அவ்வளவுதான்.

ஓவியத்தின் மூலம், 1912இல் இன்றைய துருக்கியிலுள்ள வான் நகரில் எடுத்த புகைப்படம். அதில் தாயின் உடையில் நிறையப் பூவேலை. ஓவியத்தில் பூக்களும் இல்லை.

ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1915 இனப்படுகொலையிலிருந்து தப்பிய தாய், 1919இல் ஆர்மீனியாவின் யெரெவானில் பட்டினியால் இறந்தார். அமெரிக்கா சேர்ந்த மகன் 1926இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இதையே வரைந்தார். இரண்டு வடிவங்கள். வரைவார், சவரத்தகட்டால் சுரண்டுவார், மீண்டும் வரைவார்.

ரத்தமோ வாளோ எங்கும் இல்லை. படுகொலையைப் பிணக்குவியலாகக் காட்டும் ஓவியங்களைவிட இது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

கைகளை வரையத் தெரியாதவரல்ல அவர். வரைய மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.