மனதில் போட்டுக்கொள்ளாதே என்கிறார்கள்

ஜூன் 3, திங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு என்னைப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. கணினியில் எதை எங்கே பதிவது என்பதை மதியத்துக்குள் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒருவர் அழைத்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். குரலில் சிரிப்பு குறையக் கூடாது என்பது எங்கள் விதி. அவள் குறைக்கவில்லை, ஆனால் மேசைக்கடியில் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, இந்தக் கோபமெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டாள். அடுத்த அழைப்பு வந்து என்னைக் காப்பாற்றியது.

ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் இதை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். அவர் ஆராய்ந்தவர்களில் விமானப் பணிப்பெண்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்: உள்ளே என்ன இருந்தாலும் முகம் மலர்ந்திருக்க வேண்டியவர்கள். கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். அவர்கள் கதை நேர் எதிர். எதிரில் இருப்பவர் மேல் இரக்கம் வந்தாலும் கடுகடுக்க வேண்டும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கொடுமையாகப் படுகிறது. கோபத்தை விழுங்கினேன் என்று வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்கும். இரக்கத்தை விழுங்கிவிட்டு வந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 5, புதன்

அப்பா இரவில் எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றார். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு தூங்கவில்லை. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

என் முகத்தைப் பார்த்துவிட்டு உடன் வேலை செய்பவர் சொன்னார்: "எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்." நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் போட்டுக்கொள்வது என்னவோ நானாகத் தேடிப் போய்ச் செய்வதைப் போல அல்லவா இருக்கிறது!

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு முடியவில்லை. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. பகலெல்லாம் வேலையில் அப்பாவைப் பற்றி நினைக்காமல் இருந்துவிட்டு, படுத்த பிறகு நான் படும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை இதுவரை நான் படித்ததில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பொத்தானில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்களுக்கு ஏன் சிரமம்? நீங்கள் யாரம்மா?"

என் பெயரை மறந்தது இது முதல் தடவை அல்ல. அதற்குப் பழகிவிட்டேன். ஆனால் அப்பா என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை. திட்டும்போது 'நீ', கொஞ்சும்போது 'நீ'. இன்று ஒரு அந்நியப் பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையை, அத்தனை பண்போடு, எனக்குக் கொடுத்தார். மிச்சமிருந்த பொத்தான்களைப் போட்டு முடித்தேன். "நன்றி" என்றார்.

இதற்கு அழலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். துக்கம் விசாரிக்க யாரும் வரப்போவதில்லை. அலுவலகத்தில் விடுப்புக் கேட்டால் காரணம் என்று எதை எழுதுவது? பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துத் 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். இது ஒரு வகை. ஆள் இருக்கிறார், மனம் விலகிப் போய்விட்டது. மறதி நோய் வந்தவர்களின் குடும்பங்கள் இந்த இரண்டாவது வகையில் வருகின்றன. இந்தத் துக்கத்துக்கு முடிவு கட்ட முயல்வதே வீண் என்கிறார் அவர். ஆறுதல் சொல்பவர்கள் எல்லோரும் 'ஏற்றுக்கொள்', 'கடந்து வா' என்று விரட்டும்போது, கடக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்வது எத்தனை நிம்மதி.

ஜூன் 14, வெள்ளி

அண்ணன் வேறு ஊரிலிருந்து பேசினான். "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" "நன்றாக இருக்கிறது." சொன்ன குரல் அலுவலகக் குரல், எனக்கே கேட்டது. இரண்டு நிமிடத்தில் அவனும் வெட்டி வெட்டிப் பேசி, அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

2003-இல் எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் படம் ஒன்றைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்திக்கு மட்டும் ரகசியமாக ஓர் உத்தரவு: உணர்ச்சியைக் காட்டாதே. விவரம் அறியாத எதிர்ப்பெண்ணுக்கு இரத்த அழுத்தம் ஏறியது! ஆக, நான் அண்ணனுக்குக் கவலை தரக் கூடாது என்று மறைப்பதால் அவன் நிம்மதியாக இருக்கிறான் என்பது நிச்சயமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நானே அழைத்து, பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நான் என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்" என்றான்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே பாதி வேலை. அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு குடும்பத்தின் இந்த மூளை வேலையை நான்காகப் பிரிக்கிறது: வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, பின்பு சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவெடுப்பதில் இருவரும் பெரும்பாலும் சேர்ந்துகொண்டார்கள். முதலாவதும் கடைசியும் அதிகமாக விழுந்தது பெண்கள் தலையில்தான். உத்தரவு கேட்டு நிற்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவனையும் சேர்த்து நான் கண்காணிக்க வேண்டும்.

அதைச் சொன்னேன். "மருந்து முழுக்க உன் பொறுப்பு. எப்போது தீர்கிறது என்பதும் உனக்குத்தான் தெரிய வேண்டும். இங்கே வரவழைத்துச் சேர்ப்பதும் நீதான். என்னிடம் கேட்காதே." கொஞ்சம் கோபம்தான் அவனுக்கு. ஆனால் மருத்துவச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான்.

ஜூன் 23, ஞாயிறு

இரவு மாத்திரை கொடுக்கும்போது பார்த்தேன்: அட்டையில் இன்னும் நான்குதான் இருக்கிறது. அண்ணனிடமிருந்து பேச்சில்லை. கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கண்காணிப்பதைக் கைவிடுவது இவ்வளவு கடினம் என்று டாமிங்கர் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். வியாழன் வரை வரும். செவ்வாய் இரவு வரை வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு மேல் அப்பாவின் உடம்பை வைத்து அண்ணனுக்குப் பாடம் நடத்துவதாக இல்லை.