செகண்ட் ரன்னர் இப்போது எப்படி ஓடுகிறது: திருகோணமலையிலிருந்து ஒரு விளையாட்டுக் குறிப்பு

மனிதர் ஏறி ஓட்டும் இராட்சத இயந்திரங்களின் ‘மெக்’ விளையாட்டு என்றால் நிலம் அதிர நடந்து வரும் கனத்த இரும்பு உடல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கொனாமியின் ‘சோன் ஒஃப் த எண்டர்ஸ்’ அந்தக் கூட்டத்தில் சேராது. அதில் நாம் ஓட்டும் ஜெஹூட்டி என்ற இயந்திரம் நடப்பதே அரிது. மெலிந்த இடுப்பு, கூராக முடியும் கால்கள், எந்நேரமும் அந்தரத்தில் நிற்கும் உடல். மெட்டல் கியர் விளையாட்டுகளின் ஓவியங்களால் பெயர்பெற்ற யோஜி ஷின்கவாதான் இந்த இயந்திரங்களை வரைந்தவர். தயாரிப்பாளர் ஹிடியோ கோஜிமா. முதல் பாகம் 2001இலும், ‘த செகண்ட் ரன்னர்’ என்ற இரண்டாம் பாகம் 2003இலும் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தன.

இரண்டையும் கொஞ்ச காலமாக மறுபதிப்புகளில் விளையாடி வருகிறேன். என்னிடம் இருப்பது பாவித்த பிளேஸ்டேஷன் 3 ஒன்றும், இரண்டு பாகங்களும் சேர்ந்து 2012இல் வந்த எச்டி தொகுப்பும். உவர்மலையில் சித்தி வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. அதில் 2018 செப்டெம்பரில் வந்த ‘மார்ஸ்’ பதிப்பு. மார்ஸில் இரண்டாம் பாகம் மட்டும்தான். சித்தி மகன் உயர்தரம் படிக்கிறான். அவனுக்குப் பாடம் இல்லாத மாலைகளில்தான் அங்கே விளையாட்டு.

பழைய விளையாட்டை மறுபதிப்பாக வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது படம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை. இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பொத்தானை அழுத்தியவுடன் ஜெஹூட்டி நினைத்த இடத்தில் இருக்கிறதா என்பதே. இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முதல் பாகத்திலிருந்து தொடங்குகிறேன். வியாழனுக்கு அருகில் அண்டிலியா என்ற விண்குடியிருப்பு. அங்கே தாக்குதல் நடக்கும்போது லியோ என்ற பையன் தற்செயலாக ஜெஹூட்டிக்குள் ஏறிவிடுகிறான். உள்ளே ஏடா என்ற செயற்கை நுண்ணறிவு அவனோடு பேசிக்கொண்டே வருகிறது. கொல்ல மனமில்லாத பையன், கொல்வதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். இந்த முரண் கதை முழுக்க இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நகரத்தின் சில பகுதிகளிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வரும். போய்ச் சண்டையிட்டால், நாம் எறிந்த எதிரி கட்டடத்தில் மோதி அந்தக் கட்டடமும் சரியும். முடிவில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்குக் காட்டி மதிப்பெண் தரும். அதனால் எதிரியைக் கட்டடங்களுக்கு மேலே இழுத்துப்போய் அங்கே அடிக்கப் பழகினேன். சண்டையின் இடத்தை நாமே தெரிவுசெய்யலாம் என்பது அப்போதுதான் கைக்கு வந்தது.

ஆனால் அது சிறிய விளையாட்டு. அதே மூன்று நான்கு வகை எதிரிகள், அதே நகரப் பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கடவுச்சொல் தேடி எடுக்கும் வேலை. கதையும் பாதியில் நிற்கிறது. அனுபிஸ் என்ற எதிரி இயந்திரம் கடைசியில் வரும்போது வெல்ல வழியே இல்லை, தப்பி ஓடுவதுதான் முடிவு. இருந்தாலும் இதைத் தாண்டிவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அனுபிஸ் ஓரிடத்தில் மறைந்து மறு இடத்தில் தோன்றும் அந்த வேகத்தை இங்கே கண்டு திகைத்தவருக்குத்தான், அடுத்த பாகத்தில் அதே வேகம் நம் கைக்கு வரும்போது அதன் பெறுமதி விளங்கும்.

கட்டுப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முக்கோணப் பொத்தான் மேலே கொண்டுபோகும், பெருக்கல் பொத்தான் கீழே இறக்கும். குதித்தல் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்த சித்தி மகன் கேட்டான்:

“அண்ணா, இது தானா நிலத்துக்கு வராதா?”

“நாம இறக்கினாத்தான் வரும்டா. விட்ட இடத்துல நிக்கும்.”

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் முகமூடி போட்டுக் கடலுக்குள் மூழ்கியவர்களுக்கு இந்த உணர்வு தெரியும்: ஏறுவதும் இறங்குவதும் நம் விருப்பம், எதிரில் வருவது தலைக்கு மேலாலும் வரலாம், காலுக்குக் கீழாலும் வரலாம். பழகியபின் சண்டையே வேறாகிறது. எதிரி நேராகப் பாய்ந்து வந்தால் பக்கவாட்டில் விலகுவதைவிட, கொஞ்சம் மேலே ஏறி அவன் கடந்துபோனதும் முதுகில் வெட்டுவது சுலபம்.

தாக்குதல் பொத்தான் ஒன்றுதான். கிட்ட நின்றால் அது வாள், தூர நின்றால் துப்பாக்கி. பாய்ச்சலோடு சேர்த்துத் தூரத்திலிருந்து அழுத்தினால் ஒளிக்கீற்றுகள் கூட்டமாகப் புறப்பட்டு, குறிவைத்த அத்தனை எதிரிகளையும் வளைந்து தேடிப் போகும். பாய்ச்சல் பொத்தானைப் பிடித்தபடி அசையாமல் நின்றால் சக்தி சேர்ந்து பெரிய தீக்கோளம் வரும். நினைவில் வைக்க நீண்ட பட்டியல் இல்லை. தூரமும் அசைவும் சேர்ந்து எந்த அடி என்று தீர்மானிக்கின்றன. இவ்வளவு குறைந்த பொத்தான்களில் இவ்வளவு வகையை அடக்கிய அதிரடி விளையாட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டில் படம் தடங்கினால் என்ன ஆகும்? எச்டி தொகுப்பின் இரண்டாம் பாகத்துக்கு நடந்தது அதுதான். மறுபதிப்பு வேலை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்பட்டிருந்தது. வந்தபோது பெரிய சண்டைகளில் படத்தின் வேகம் விழுந்தது, மூலப் பதிப்பில் இருந்த சில ஒளி விளைவுகளும் மாறிப்போயிருந்தன. பிறகு கொனாமி ஒசாகாவைச் சேர்ந்த ஹெக்சாட்ரைவ் நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுத்தது. காட்சி வரையும் பகுதியை அவர்கள் மாற்றி எழுத, 2013 ஜூலையில் பிளேஸ்டேஷன் 3க்கான, இணையத்தில் இறக்கும் திருத்தம் வெளியானது. எக்ஸ்பொக்ஸ் 360 பதிப்புக்கு அது கிடைக்கவேயில்லை. தேடி வாங்குபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, வேண்டுமென்றே இணையத்தைக் கழற்றிவைத்துத் திருத்தம் இல்லாமல் தொடங்கினேன். ஆரம்பத்தில், வியாழனின் நிலவான கலிஸ்டோவின் பனிப் பள்ளத்தாக்கில் பொறுத்துக்கொள்ளலாம். எதிரிகள் கூடி, புகையும் ஒளியும் திரையை நிரப்பியதும் எல்லாம் தேன்குழம்பாகிறது. பாய்ச்சலை அழுத்துகிறேன், ஜெஹூட்டி பிந்திப் புறப்படுகிறது. ரூட்டரை இணைத்துத் திருத்தத்தை இறக்கி அதே இடத்தை மறுபடி ஆடினேன். இடைவெளி போய்விட்டது. அதே சண்டையில் எதிரியின் கை ஓங்குவது தெரிந்தது, அதைப் பார்த்துத் தடுப்பை எடுக்க நேரமும் இருந்தது. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லி வினாடி. 30 படத்துக்கு விழுந்தால் அது 33 ஆகிறது. எதிரி கண்மூடித் திறப்பதற்குள் கிட்ட வரும் விளையாட்டில், தடுப்பதா விலகுவதா என்று முடிவெடுக்கும் இடமே அந்த இடைவெளிதான்.

புதிய, பலமான இயந்திரத்தில் பழைய விளையாட்டு ஏன் தடங்க வேண்டும்? பிளேஸ்டேஷன் 2இன் படம் வரையும் சில்லுக்குள் (சிப்) 4 எம்பி நினைவகம்தான் இருந்தது. ஆனால் அது சில்லோடு சேர்த்தே பதிக்கப்பட்டதால் வினாடிக்கு 48 ஜிபி வேகத்தில் தரவு போய்வர முடிந்தது. புகை, வெடிப்பு, ஒளிக்கீற்று எல்லாம் ஊடுருவித் தெரியும் படலங்கள். ஒவ்வொரு படலத்தையும் வரையும்போது கீழே இருக்கும் நிறத்தை வாசித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். பிளேஸ்டேஷன் 3இன் வரைகலைச் சில்லுக்கு 256 எம்பி நினைவகம் இருந்தாலும் அதன் தரவு வேகம் அந்த 48இல் பாதிக்கும் குறைவு. படத்தின் அளவோ பல மடங்கு கூடிவிட்டது. செகண்ட் ரன்னர் முழுக்கப் புகையாலும் ஒளியாலும் கட்டிய விளையாட்டு. அப்படியே தூக்கி வைத்தால் அது தடங்கத்தான் செய்யும். பழைய இயந்திரத்தின் பலம் எங்கே இருந்தது என்று அறிந்து எழுதியவர்களின் உழைப்பை மதித்துத்தான், மறுபதிப்புச் செய்பவர்களும் வேலையில் இறங்க வேண்டும்.

சைகேம்ஸ் நிறுவனம் செய்த மார்ஸ் பதிப்பில் இந்தக் கவலை இல்லை. 4கே வரை படம், மெய்நிகர் தலைக்கவசத்துக்கு ஆதரவு. எங்களிடம் தலைக்கவசம் இல்லை. அதைப் போடாமலே, ஜெஹூட்டியின் உடலில் ஓடும் ஒளிக்கோடுகள் பெரிய ரீவியில் தெரிவதைப் பார்த்து சித்தி மகன் வாய் திறந்து நின்றான். ஆட்டத்தின் நடுவில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் ரீவியின் கேம் மோட் அணைந்திருப்பதைக் கண்டு போட்டோம். அதன் பிறகு கை இன்னும் இலேசாகியது. எந்தப் பதிப்பை ஆடினாலும் இதைச் செய்யுங்கள்.

இங்கத்தைய நிலைமைக்கேற்ற இரண்டு விஷயம். எங்கள் வீடு டைக் வீதிப் பக்கம், கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தாங்காது. பழைய கொன்சோல் வாங்கும்போது பின்பக்கச் செருகிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை வெக்கை தாங்காது, பிளேஸ்டேஷன் 3இன் விசிறிச் சத்தமும் கூடும். என்னுடையதைக் கழற்றித் தூசி எடுத்து, சில்லின் மேல் காய்ந்திருந்த பசையை மாற்றிய பிறகு அமைதியாக ஓடுகிறது. மற்றது மின்சாரம். கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கொன்சோலையும் ரீவியையும் ஒரே யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன். சேமித்துவிட்டு அணைக்கிற அளவுக்கு அது தாங்குகிறது.

இரண்டாம் பாகத்தின் கதாநாயகன் டிங்கோ எக்ரெட். முன்னாள் போர்வீரன், கலிஸ்டோவில் சுரங்கத் தொழிலாளி. சுடப்பட்டுச் சாகக் கிடந்தவனின் உயிரை ஜெஹூட்டியே தாங்கி நிற்கிறது, அதனால் அவன் அதைவிட்டு இறங்க முடியாது. லியோவும் திரும்பி வருகிறான், விக் வைப்பர் என்ற ஊர்தியில். கொனாமியின் 1985ஆம் ஆண்டு ‘கிரேடியஸ்’ விளையாட்டின் விண்கலப் பெயர் அது. பழைய ஆட்டக்காரர்களுக்கு நெஞ்சு நிறையும் இடம்.

நான் அதிகம் திரும்பிப் போனது செவ்வாயின் பாலைவனச் சண்டைக்கு. நம் பக்கம் லெவ் என்ற சாதாரண இயந்திரங்களில் மனிதர்கள். எதிரே திரையின் விளிம்பு வரை எதிரிக் கூட்டம். ஜெஹூட்டிக்கு அந்த எதிரிகள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் லெவ்களில் இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் எமன். சண்டை முடிந்ததும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும். நடுவில் புகுந்து வெட்டிக்கொண்டே போனால் நமக்கு வெற்றிதான், அவர்களுக்கு அழிவு. ஒளிக்கீற்றுகளைக் கூட்டத்தின் மேல் விட்டு எதிரிகளின் கவனத்தை நம் பக்கம் திருப்பி, எந்த லெவ் கூட்டம் சூழப்பட்டிருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்து, அங்கே பாய்வதுதான் பலன் தந்தது. மேலே ஏறும் பொத்தான் இங்கே கண்காணிப்புக் கோபுரமாகிவிடுகிறது. முதல் பாகத்தில் லியோ கட்டடங்களைக் காக்கப் பட்ட பாடுதான் இங்கே பத்து மடங்காகத் திரும்பியிருக்கிறது. திருத்தம் இல்லாத பதிப்பில் மிகவும் திணறியதும் இந்தச் சண்டைதான். திருத்தத்துக்குப் பின் பார்த்தால், இவ்வளவையும் 2003இல் ஒரு பிளேஸ்டேஷன் 2க்கு எழுதினார்களா என்று மலைப்பாக இருக்கிறது.

துணை ஆயுதங்களில் கோன்ட்லெட்டை விடமாட்டேன். பட்ட எதிரி பின்னால் பறந்து சுவரில் மோதுவான், மோதலில் இன்னும் சேதம். ஹல்பர்ட் நீண்ட ஒளிக்கற்றை; பெரிய எதிரிக்கு நல்லது. போர்க்கப்பல் அணியை வெக்டர் கெனன் என்ற பெரும் பீரங்கியால் உடைக்கும் கட்டத்தில் ஏடா ஒவ்வொரு ஆயத்தப் படியையும் அறிவிக்க அறிவிக்கக் காத்திருப்பது தனிச் சுகம். சித்தி மகன் அந்த அறிவிப்புகளை மனப்பாடமாக்கிவிட்டான்.

ரயிலைத் துரத்தும் கட்டம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. திறந்த வானத்துக்குப் பழகிய கையை ஒரு கோட்டுக்குள் இழுத்து விடுகிறது.

இப்போது இரண்டாம் சுற்று, கடினமான நிலையில். முதற்சுற்றில், ஓரிடத்தில் மறைந்து மறு இடத்தில் தோன்றும் ஸீரோ ஷிஃப்ட் கிடைத்த பிறகு அனுபிஸோடு நேருக்கு நேர் நின்றதில், மறைவதும் தோன்றுவதும் இருபக்கமும் சமமானது. கடினத்தில் அவன் தடுப்பை இறக்குவதே இல்லை போல இருக்கிறது. பிடித்து எறிவதற்குக் கிடைக்கும் அந்தச் சிறு வாய்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் பின்னால் தோன்றும் கணத்தில் பெருக்கல் பொத்தானை அழுத்திக் கீழே இறங்கி, அங்கிருந்து பிடிக்கும் முறை அடிக்கடி பலிக்கிறது. பாலைவனத்தில் இன்னும் கூடுதலான லெவ்களைக் காப்பாற்றுவது அதற்கடுத்த வேலை. சித்தி மகனுக்குப் பரீட்சை நெருங்குவதால் மார்ஸ் கொஞ்ச நாள் பெட்டிக்குள். அதுவரை வீட்டுப் பிளேஸ்டேஷன் 3இலேயே பயிற்சி.