மாலை ஏழு மணி மின்சாரம்

1902-இல் சிவனசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குத்தான் சென்றது. அங்கே சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களுள் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்தது 1905-இல். யாருக்கு முதலில் மின்சாரம் என்ற கேள்வி அவ்வளவு பழையது.

இன்று கர்நாடகத்தின் பாவகடாவில், உழவர்களிடம் குத்தகைக்குப் பெற்ற சுமார் 13,000 ஏக்கர் நிலத்தில், 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா இயங்குகிறது. பெருமைப்பட வேண்டிய பணி அது. ஆயினும் பெங்களூரின் அல்சூரில் எங்கள் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டரும் பிள்ளைகள் படிக்கும் அறையின் விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து ஓடுவது, அந்தத் தகடுகள் இருண்டுவிட்ட மாலை ஏழு மணிக்குத்தான். ஆகவே ஆண்டு மொத்த உற்பத்தியை மட்டும் கணக்கிடும் திட்டமிடல் போதாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேவையையும் வரவையும் ஒப்பிட வேண்டும். அணை நீரையே நம்பியிருக்கவும் இயலாது: 2023-இல் பருவமழை பொய்த்தபோது கர்நாடகம் கடும் பற்றாக்குறையில் தவித்தது.

பாசன பம்புசெட்டுகளைப் பகல் வெயிலுக்கு மாற்றுவது எளிய முதல் படி என்பது என் கருத்து. மாலைக்கு, தமிழ்நாட்டின் காடம்பாறையைப் போல, மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் வேண்டும். காடம்பாறையின் திறன் 400 மெகாவாட்.