நெல்லையப்பன் என்று கூப்பிட ஆள் வேண்டும்

தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாத்தா பெயரையே, நெல்லையப்பன் என்று, வைத்துவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எங்கள் சின்ன வயதில் டவுண் ரத வீதியில் நின்று ‘ஏல நெல்லையப்பா’ என்று கத்தினால் நாலு பேராவது திரும்புவார்கள். இப்போது அந்தப் பெயரில் சின்னப் பையன் ஒருத்தனைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அந்தப் பெயருக்குள் ஒரு கதையே இருக்கிறது. சுவாமி நைவேத்தியத்துக்காக வேதசர்மா என்ற சிவபக்தர் நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. பதறி ஓடி வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையவில்லை. நெல்லுக்கு வேலி கட்டிக் காத்த சுவாமி நெல்லையப்பர், ஊர் திருநெல்வேலி. ஆனித் தேரில் வடம் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வரும். பாரதியார் தம்பி என்று உரிமையோடு அழைத்த பரலி சு. நெல்லையப்பருக்கும் இதே பெயர்தான்.

ஆச்சி ஒருநாளும் தாத்தா பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அம்மாவும் அப்படித்தான், மாமனார் பெயராச்சே. அதனால்தான் அந்தக் காலத்தில் தாத்தா பெயர் வைத்த பேரனை வீட்டில் ‘ஐயா’, ‘ராசா’ என்று கூப்பிட்டார்கள். பேரன் என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்பதுதானே.

நேற்று ஆச்சி பிள்ளையை மடியில் வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, ‘நெல்லையப்பா’ என்றாள்.