வளைவில் ஒரு இருமல்

முண்டந்துறைக் காட்டில் நான் முதன்முதலாகச் சண்டை போட்டது ஒரு இருமலோடு.

2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பு நடந்த சமயம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை. எம்.எஸ்சி. முடித்த கையோடு ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்த என்னை, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் ஒரு வேட்டைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். முதல் மூன்று நாள் காட்டுப் பாதைகளில் நடந்து புலி, சிறுத்தையின் தடமும் எச்சமும் தேட வேண்டும். அப்புறம் மூன்று நாள் விடிகாலையில், 2 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் நடந்து மிளா, புள்ளிமான், காட்டுமாடு எல்லாம் எண்ண வேண்டும். அந்தக் கோட்டுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ‘லைன்’.

லைன் நடப்பதில் முதல் பாடமே வாயை மூடிக்கொள்வதுதான். நம்மைக் கண்டு விலங்கு நகர்வதற்கு முன்னால் நாம் அதைப் பார்த்துவிட வேண்டும். அது நின்ற இடத்துக்கு ரேஞ்ச் ஃபைண்டரில் தூரம், காம்பஸில் கோணம். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் காட்டில் இரை விலங்குகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று மதிப்பிடுகிறார்கள். சத்தம் கேட்டு மிளா இருபதடி விலகிவிட்டால் கணக்கும் அத்தனைக்கு விலகும். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

என்னோடு வந்த வாச்சர் அண்ணன் காணிக்காரப் பழங்குடி. சேர்வலாறு பக்கம் ஊர். இருபது வருஷத்துக்கு மேல் அதே காட்டில் நடப்பவர். ஆளுக்கு ஆஸ்துமாவும் இல்லை, பீடியும் இல்லை. ஆனால் ஓடை இறங்கும் இடம், புல் ஆள் உயரம் நிற்கும் இடம், பாதை திரும்பும் இடம் எல்லாவற்றிலும் தொண்டையைச் செருமுவார், இல்லையென்றால் அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு மரத்தை டொக்கென்று தட்டுவார். தடம் தேடிய நாட்களில் பொறுத்துக்கொண்டேன். லைனின் முதல் நாளும் அதையே செய்தார். முப்பது மீட்டரில் நின்றிருக்க வேண்டிய மிளா, நாங்கள் பார்க்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, சத்தம் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

“மானுக்குக் குடுக்கல சார். கரடிக்கு.”

நான் கரடியைப் பற்றிப் படித்திருந்தேன். மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். கண் மந்தம், மூக்கு கூர்மை. குட்டிகளை முதுகில் சுமக்கும். எல்லாம் தெரியும், தேர்வுக்கு எழுதும் அளவுக்கு. அதனால் அவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவே இல்லை.

அன்று ராத்திரியே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதிலும் நான் உருப்படியாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. முகாம் என்பது ஒரே அறைதான். சுற்றி யானை அகழி, உள்ளே அரிசி, பருப்பு, கருவாடு, ஆறு பேர். குறட்டை தாங்காமல் நான் என் சின்னக் கூடாரத்தை வெளியே அகழிக்கு உள்பக்கம் போட்டுக்கொண்டேன். ஒரு மணி இருக்கும். கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு, தலைமாட்டுக்கு இரண்டு முழம் தள்ளி. பிறகு துணி கிழியும் சத்தம். நான் உள்ளே கால்களை மடக்கிக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் கிடந்தேன். அறைக்குள்ளிருந்து யாரோ அலுமினியத் தட்டை வெளியே எறிந்தார்கள். அது கல்லில் மோதி உருண்ட சத்தத்தில் துருத்தி நின்றது. கூடாரத்துக்கு வெளியே வைத்திருந்த என் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அரைக் கிலோ இருந்திருக்கிறது. காலையில் பையும் இல்லை, மிட்டாயும் இல்லை. சிவப்புத் துணி மட்டும் ஒன்றிரண்டு நார்.

“அகழி இருக்கேன்னு நினைச்சேன்” என்றேன்.

“அது யானைக்கு வெட்டினது சார். கரடிக்கு அது படிக்கட்டு.”

கலிபோர்னியாவின் யோசெமிட்டி மாதிரி இடங்களில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில் வைத்துக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட வேண்டும், அது அங்கே சட்டம். அந்தப் பக்கத்துக் காணொளிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கையை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டினால் அமெரிக்கக் கருங்கரடி பெரும்பாலும் விலகிவிடும். நம் ஊர்க் கரடியிடம் அதை நம்பிப் போக முடியாது. புலியோடு ஒரே காட்டில் காலம் காலமாக வாழ்ந்த மிருகம். ஆபத்து என்றால் மரம் ஏறித் தப்பிக்காமல் எதிர்த்து நின்றே பழகியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாக்கினால் தலையும் முகமும்தான். பக்கத்து முகாமில் ஒரு வாச்சர் சாப்பிடும்போதுகூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை, யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. 2022 நவம்பரில் இதே மலையடிவாரத்தில் கடையம் பக்கம் கரடி மூன்று பேரைக் குதறியது செய்தியில் வந்தபோது அந்தத் தொப்பிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் நாள் லைனுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் அதிகாரமாகவே சொல்லிவிட்டேன், இன்றைக்கு இருமல் வேண்டாம் என்று. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு மரத்தைத் தட்டவும் இல்லை. காடு நிஜமாகவே நன்றாக இருந்தது. புள்ளிமான் கூட்டம் ஒன்று, ஒரு மிளா, எல்லாம் நின்ற இடத்திலேயே கிடைத்தன. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வறண்ட ஓடையில் இறங்கி ஏறும் இடத்தில் அண்ணனின் புறங்கை என் நெஞ்சில் வந்து நின்றது. முதலில் சத்தம்தான். அதே துருத்தி. அப்புறம்தான் கண்ணுக்குப் பிடிபட்டது. கரையான் புற்றைத் தோண்டி, தோள் வரைக்கும் உள்ளே விட்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிகிற ஒரு கறுப்பு மூட்டை. ஊதும், மண் பறக்கும், உறிஞ்சும், மறுபடி ஊதும். அது போடும் சத்தத்தில் அதற்கு வேறெதுவும் கேட்டிருக்காது. முதுகு முடியைப் பிடித்தபடி ஒரு குட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டடி பின்வாங்கினோம். மூன்றாவது அடியில் என் காலுக்குக் கீழே சருகு நொறுங்கியது. மூட்டை வெளியே வந்து இரண்டு காலில் நிமிர்ந்தது. மூக்கெல்லாம் செம்மண். நெஞ்சில் வெள்ளையாய் வளைந்த அந்தக் குறி. முன்கால் நகங்கள் ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் இருக்கும், தந்த நிறத்தில். அது எங்களைப் பார்க்கவில்லை. காற்றில் எங்களைத் தேடியது. தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

அப்போது அண்ணன் பேச ஆரம்பித்தார். கத்தவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். “சரி தாயி, சரி. பாக்கல. போறோம். நீ தின்னு.” பேசிக்கொண்டே என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கரடி ‘வௌ’ என்று ஒரு குரல் கொடுத்து நாலு பாய்ச்சல் வந்தது. ஓடை விளிம்பில் நின்றது. மறுபடி ஒரு ‘வௌ’. பிறகு திரும்பி, குட்டி முதுகில் குலுங்க, புல்லைப் பிளந்துகொண்டு போய்விட்டது. புல் ஆடி அடங்க வெகுநேரம் ஆனது போலிருந்தது.

அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சுண்ணாம்பு தடவும் விரல் நடுங்கியது. நான் அழுதேனா என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

“ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வந்திருக்கீங்களா சார்? ஆத்தங்கரை பூரா டெண்ட்டு. வாரக் கணக்குல சனம் படுத்துக் கிடக்கும். ஒரு கரடி கிட்ட வராது. ஏன்? கொட்டு, குலவை, புள்ளைக அழுகை. நாம வாறது அதுக்கு முன்னாடியே தெரியணும். திடீர்னு நின்னா அது பயந்துரும்.”

நான் ‘அது’ என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பயம் இருக்கும் என்பது நான் படித்த பக்கங்களில் எங்கோ இருந்திருக்கும்தான்.

படிவத்தை எடுத்தேன். இனம்: கரடி. எண்ணிக்கை: 2. தூரம்? ரேஞ்ச் ஃபைண்டர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, தொடவே இல்லை. ஐந்து மீட்டர் என்று எழுதப் போனேன். அண்ணன் சிரித்தார். முதலில் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து புற்றைக் குறிவைத்து அளந்தோம். 22 மீட்டர்.

மூன்றாம் நாள் விடிகாலை. அதே லைன், அதே ஓடை. முந்தின நாள் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு அண்ணன் சத்தமில்லாமல் இறங்கினார். பின்னால் வந்த நான் தொண்டையைச் செருமினேன், கொஞ்சம் பலமாகவே. குறிப்புகள் என்ற கட்டத்தில் அந்த இடத்தையும் நேரத்தையும் எழுதி, ‘இருமல்’ என்று போட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“சளி பிடிச்சிருக்கா தம்பி?”